41வது நகர்வுக்கு முன்னால்

அந்த ஆன்லைன் செஸ் அணிப் போட்டியில் நாங்கள் 2.5–1.5 என்று தோற்றோம். நான்கு போர்டு, அதாவது நாலு பேருக்கு நாலு ஆட்டம், ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். மூன்று போர்டு முடிந்தபோது 1.5–1.5. கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது நான்காம் போர்டு. அது டிரா ஆகியிருந்தால் போட்டியே டிரா. ஆடியவன் ராயபுரத்துத் தம்பி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறான். நான் கேப்டன். கேப்டன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யாருக்கு எந்த போர்டு என்று பட்டியல் போட வேண்டும், எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்களா என்று போன் போட்டுப் பார்க்க வேண்டும், தோற்ற ஆட்டங்களை ஆடியவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதில் மூன்றாவதுதான் உருப்படியான வேலை.

ஆட்டம் முடிந்த கையோடு தம்பி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிவிட்டான். லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் ஆட்டம் முடிந்ததும், நகர்வுகளை எடைபோடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம், காசு கிடையாது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று நகர்வு வாரியாக ஒரு வரைபடம் வரும். தம்பியின் ஆட்டத்தில் அந்தக் கோடு 40வது நகர்வு வரை நடுக்கோட்டை ஒட்டியே ஊர்ந்தது. 41ல் இரண்டு கேள்விக்குறி, பெரிய தப்பு என்று பொருள். அங்கிருந்து கோடு கிணற்றில் வாளி விழுந்த மாதிரி இறங்கிவிட்டது.

"ஒரே ஒரு மூவ்தான் அண்ணே. மத்தபடி நல்லாத்தான் ஆடியிருக்கேன்" என்று கீழே எழுதியிருந்தான்.

எஞ்சினை முதலில் திறந்தால் இதுதான் நடக்கும். எந்த நகர்வில் ஆட்டம் போனது என்று அது சொல்லிவிடும். அதைப் படித்ததும் பாடம் முடிந்தது என்று மனசு மூடிக்கொள்ளும். அந்த நகர்வை ஏன் ஆடினோம் என்பது எஞ்சினுக்குத் தெரியாது. அது வேறு இடங்களில் கிடக்கிறது: கடிகாரத்தில், ஆடியவனின் ஞாபகத்தில், சில சமயம் எதிராளியிடம்.

எங்கள் கூட்டம் கூடுவது தண்டையார்பேட்டையில் ஒரு கேரம் கிளப்பின் மாடியில். வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செஸ்ஸுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்ததே பெரிய மனசு. கீழே ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே ஒரு பெரியவர் வருவார். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மானுவல் ஆரோன் 1972ல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்புக்கு இளவயதில் போய் வந்தவர். அவருக்கு எஞ்சின் மேல் கோபமெல்லாம் இல்லை. "அது கடைசியா பேசட்டும்" என்பார், அவ்வளவுதான்.

அவருடைய முறை சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். நீளமான நோட்டில் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்தி. முதல் பத்தியில் நகர்வு. இரண்டாவதில் அதற்கு எடுத்துக்கொண்ட நேரம். மூன்றாவதில் அப்போது மனதில் ஓடியது. மூன்றாவது பத்தியை அன்று இரவே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அந்த நேரத்தில் நினைத்ததை எழுத மாட்டோம். நினைத்திருக்க வேண்டியதை எழுதுவோம். தம்பியிடம் அன்றே நான் கேட்டு வாங்கிய வாய்ஸ் மெசேஜைத்தான் நோட்டில் ஏற்றினோம். ஒவ்வொரு நகர்வுக்கும் வேண்டாம். தயங்கிய இடம், பயந்த இடம், சந்தோஷப்பட்ட இடம் மட்டும் போதும்.

மரப்பலகையில் 41வது நகர்வு நிலையை அடுக்கினோம். கட்டத்தின் பேர் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். வெள்ளை தம்பி: ராஜா எஃப்2, யானை (ரூக்) ஏ3, சிப்பாய்கள் ஜி3, எச்4. கறுப்பு: ராஜா எஃப்6, யானை ஈ4, சிப்பாய்கள் எஃப்5, ஜி6, எச்5. ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் எல்லாச் சிப்பாய்களும் ஒரே பக்கம் இருக்கின்றன, யானைகளும் பலகையில் இருக்கின்றன. மூன்றுக்கு இரண்டு என்ற இந்த யானை இறுதியாட்டம் ஒழுங்காகக் காத்தால் பொதுவாக டிராவில்தான் முடியும். இங்கே ஏ6ல் ஒரு செக் கொடுத்து, யானையைத் தூரத்திலேயே வைத்துக்கொண்டு தொல்லை கொடுத்திருக்கலாம்.

தம்பி ஆடியது யானை ஈ3. வெட்டிக்கொள்ளலாம் வா என்கிற நகர்வு.

"இங்க என்ன நெனச்ச?" என்று பெரியவர் கேட்டார்.

"யானை ரெண்டும் போயிட்டா ராஜாவும் சிப்பாயும்தானே சார். எதிர்ல போய் நின்னா டிரா ஆயிடும்னு."

"எண்ணிப் பாத்தியா?"

"இல்ல சார். டிரா மாதிரி இருந்துச்சு."

கறுப்பு வெட்டியது, வெள்ளை ராஜா ஈ3ல் திருப்பி வெட்டியது, கறுப்பு ராஜா ஈ5க்கு வந்தது. இப்போது பலகையில் மொத்தம் ஏழு காய்கள். ஏழு காய்கள் வரையிலான நிலைகளைக் கணினி முழுக்கக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, அதற்கு டேபிள்பேஸ் என்று பேர். லிச்செஸ்ஸில் ஆய்வுப் பலகையைத் திறந்து, ஓபனிங் (தொடக்க நகர்வுகள்) புத்தகம் தெரியும் கட்டத்திலேயே இதையும் பார்க்கலாம். எஞ்சின் சொல்வது மதிப்பீடு. டேபிள்பேஸ் சொல்வது முடிந்த தீர்ப்பு. வெள்ளை எதை ஆடினாலும் தோல்வி.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடித்த பகுதி, தம்பிக்குப் பிடிக்கவில்லை. ராஜாவை எஃப்3க்கு நகர்த்தினான். எதிராளி சிப்பாயை எஃப்4க்குத் தள்ளினார். தம்பி ஜி சிப்பாயால் வெட்டினான், செக்கும் சேர்ந்தது. கறுப்பு ராஜா எஃப்5ல் போய் நின்றது. பார்த்தால் சும்மா ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கும். இப்போது இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு சிப்பாய்கள், கணக்கில் சமம். ஆனால் வெள்ளையின் முறை. எஃப்4 சிப்பாய் நகராது, எதிரே ராஜா. எச்4ம் நகராது, எதிரே சிப்பாய். ராஜாதான் நகர வேண்டும், எங்கே நகர்ந்தாலும் கதவு திறந்துவிடும். ஈ3க்குப் போனால் கறுப்பு ராஜா ஜி4ல் நுழைந்து எச்4 சிப்பாயைத் தின்னும். ஜி3க்குப் போனால் ஈ4 வழியாக நுழையும். தன் முறை வந்ததே தண்டனை. தம்பி ஈ3 போனான், எச்4 விழுந்தது, கொஞ்ச நேரத்தில் ரிசைன் செய்துவிட்டான்.

பெரியவர் அந்த நிலையை மூன்று தடவை அடுக்கி, தம்பியையே கறுப்பு ஆட வைத்தார். தன்னைத் தோற்கடித்த நகர்வைத் தன் கையாலேயே ஆடிப் பார்த்தால் அது ஒட்டிக்கொள்ளும். திரையில் அம்புக்குறியாகப் பார்த்தால் ஒட்டுவதில்லை, ஏனென்று எனக்குத் தெரியாது.

சென்னைப் பையன்களுக்கு இதே மாதிரி ஒரு நகர்வு மனப்பாடம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். தற்காத்துக்கொண்டிருந்த அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55வது நகர்வில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டார். குகேஷ் யானைகளை வெட்டினார், அடுத்து மந்திரிகளையும் (பிஷப்) மாற்றவைத்தார், மிஞ்சியது வெறும் ராஜாவும் சிப்பாய்களும். மூன்று நகர்வில் ஆட்டம் முடிந்தது, நம்ம ஊர்ப் பையன் உலகச் சாம்பியன். தம்பி அதை நேரலையில் பார்த்துக் கத்தியவன்தான். "அங்க பாத்தப்போ தெரிஞ்சுது, இங்க தெரியல அண்ணே" என்றான். நியாயமான பதில். மற்றவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது நம் கடிகாரம் ஓடுவதில்லை.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். நோட்டின் இரண்டாவது பத்தி.

யானை ஈ3க்குத் தம்பி எடுத்துக்கொண்டது 4 விநாடி. அப்போது அவனிடம் 3 நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. நேர நெருக்கடி என்று சாக்குச் சொல்ல முடியாது. லிச்செஸ்ஸில் ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் போனது என்று பலகைக்குக் கீழே பட்டைகளாகக் காட்டும். பலர் அதைத் திறப்பதே இல்லை. தம்பியின் பட்டைகளில் உயரமானது 7வது நகர்வில் இருந்தது. இத்தாலியன் ஓபனிங், இரண்டு பக்கமும் கோட்டை கட்டியாகிவிட்டது. யானையை ஈ1க்கு நகர்த்துவதா, ஏ சிப்பாயை ஏ4க்குத் தள்ளுவதா என்று ஏறக்குறைய 3 நிமிடம் யோசித்திருக்கிறான். இரண்டுமே ஆயிரக்கணக்கானோர் ஆடும் நகர்வு. எதை ஆடினாலும் குடி முழுகாது. குடி முழுகும் இடத்தில் 4 விநாடி.

இந்த ஒப்பீட்டை எல்லாருடைய ஆட்டத்திலும் செய்து பார்க்கச் சொல்கிறேன். அதிக நேரம் எடுத்த நகர்வுகளில் ஒரு வட்டம் போடுங்கள். ஆட்டத்தைத் திருப்பிய நகர்வுகளில் ஒரு சதுரம் போடுங்கள். எங்கள் அணியில் வட்டமும் சதுரமும் ஒரே இடத்தில் விழுந்தது குறைவு. நான் உட்பட, தெரிந்த இடத்தில்தான் நாங்கள் நிறைய யோசிக்கிறோம்.

அப்புறம் ஒரு சிப்பாய் எப்படிக் குறைந்தது என்ற கேள்வி. எஞ்சின் அதற்குப் பெரிதாகச் சத்தம் போடவில்லை. 24வது நகர்வில் ஒரு சின்னக் குறி மட்டும். தம்பி அங்கே ராணிகளை மாற்றிக்கொண்டான், அதற்கு விலையாக பி சிப்பாய் போனது. எஞ்சின் கணக்கில் அதற்குப் பிறகும் சமம்தான். இந்த 'சமம்' என்பதை நம்பி ஏமாறக் கூடாது. சரியாக ஆடினால் டிரா என்று மட்டும்தான் அதற்குப் பொருள். ஒருவர் நிம்மதியாக நடந்துகொண்டே இருக்கலாம், இன்னொருவர் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் எஞ்சின் போடும் மார்க் ஒன்றுதான்.

24ல் ஏன் ராணியை மாற்றினான்? நோட்டில் "பயமா இருந்துச்சு" என்று மட்டும் இருந்தது. ராஜாவைச் சுற்றிப் பார்த்தோம், பயப்பட ஒன்றுமே இல்லை. எதிராளியின் குதிரை எட்டாத தூரத்தில் நின்றது.

இதை அவிழ்த்தது ஒரு சாதாரணக் கணக்கு. ஆட்டத்தை இறக்கினால் வரும் பி.ஜி.என். கோப்பில் ஆட்டம் தொடங்கிய நேரம் இருக்கும். அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரின் கடிகாரத்தையும் சேர்த்துக் கூட்டினால் எந்த நகர்வு எத்தனை மணிக்கு நடந்தது என்று கிட்டத்தட்ட வந்துவிடும். கூட்டினோம். அந்த நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "2வது போர்டு அவுட்டு. இனி நாலுதான் கையில." அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார். தம்பி ஆடிக்கொண்டிருந்தது அதே போனில். திரையின் மேலே அது வந்து போயிருக்கிறது. அடுத்த நகர்வு ராணி மாற்றம்.

தம்பிக்கே இது ஞாபகமில்லை. "ஆமா அண்ணே, ஏதோ வந்துச்சு, படிக்கல" என்றான். படிக்காமல் எப்படி, கண் போயிருக்கும். ஜெயித்தாக வேண்டும், தோற்கவே கூடாது என்று இரண்டும் ஒரே நேரத்தில் மண்டையில் ஏறினால் கை காய்களைக் குறைக்கத்தான் பார்க்கும். காய் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று ஒரு எண்ணம்.

அணி ஆட்டத்துக்கும் தனி ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நேரில் நடக்கும் அணிப் போட்டிகளிலும் கேப்டன் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. டிரா கேட்கலாமா, ஒத்துக்கொள்ளலாமா, ரிசைன் செய்யலாமா என்ற அளவுக்கு மேல் பேச்சு கிடையாது. ஆனால் அடுத்த போர்டுகளை நடந்து போய்ப் பார்க்கலாம், எப்போது பார்ப்பது என்பது ஆடுபவன் கையில் இருக்கும். ஆன்லைனில் ஸ்கோர் கூப்பிடாமலே வந்து கண் முன்னால் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் கடைசி போர்டு முடியும்வரை யாரும் எதுவும் போடக் கூடாது. ஸ்மைலிகூட. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தனிக் குழு. ஆடுபவர்கள் போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு பேர் முனகினார்கள். முனகட்டும்.

மிச்சமிருந்தது எதிராளி. நேரில் ஆடினால் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் காய்களை அடுக்கி "இங்க இத ஆடியிருந்தா?" என்று பேசுவோம். ஆன்லைனில் எதிராளி ஒரு 'ஜிஜி' (நல்ல ஆட்டம்) போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார். ஆனால் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் பேசுவார்கள். தம்பிக்குக் கூச்சம், நானே கேட்டேன். தெற்கு மாவட்டத்தில் கல்லூரி வாத்தியார், நன்றாகவே பேசினார். அவர் சொன்ன ஒரு விஷயம் எஞ்சினை எத்தனை மணி நேரம் ஓட்டியிருந்தாலும் வந்திருக்காது.

"உங்க தம்பி 15வது மூவ்லேருந்தே எதைக் காட்டினாலும் மாத்திக்கிறாருங்க. குதிரை காட்டினேன், மாத்தினார். மந்திரி, மாத்தினார். ராணியும் அப்படித்தான். அதான் யானையை ஈ4ல கொண்டுபோய் நிறுத்தினேன், எதிர்ல வருவார்னு."

அதாவது 41வது நகர்வை எதிராளி எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். தம்பியின் பழக்கத்தை அவர் ஒரே ஆட்டத்தில் படித்துவிட்டார். இத்தனை நாள் கூட ஆடும் எங்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு தம்பி தோற்ற பழைய ஆட்டங்களைப் புரட்டினோம், ஓபனிங்கைப் பார்க்காமல் காய் மாற்றங்களை மட்டும் பார்த்தோம். இதே கதை திரும்பத் திரும்ப வந்தது: கொஞ்சம் அழுத்தம் வந்ததும் மாற்றம், மாற்றத்துக்கு மிகக் குறைவான நேரம்.

பழைய விதி ஒன்று உண்டு. சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர் பெரிய காய்களை மாற்ற வேண்டும். குறைவாக வைத்திருப்பவர் சிப்பாய்களை மாற்ற வேண்டும். தம்பி இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான். பெரியவர் அதை விதியாகச் சொல்லவில்லை. 41வது நிலையை மீண்டும் அடுக்கி, நிஜக் கடிகாரம் வைத்து, "இந்தா, டிரா பண்ணு" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். முதல் தடவை தம்பி யானையைத் தன் ராஜாவுக்குப் பக்கத்திலேயே காவல் வைத்து நெரிபட்டுத் தோற்றான். பிறகு நானும் வெள்ளை பிடித்துப் பார்த்தேன். யானை ஏ வரிசையில் தூரமாக நின்று பக்கவாட்டில் செக் கொடுத்துக்கொண்டிருந்தால் கறுப்பு ராஜாவுக்கு ஒதுங்க இடம் கிடைப்பதில்லை. செக்குக்குப் பயந்து விலகி நின்றால் சிப்பாய் முன்னேறாது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பெரியவர் எதிரே உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டே முறைக்கும்போது செய்து பார்ப்பது வேறு.

எஞ்சினை அதற்குப் பிறகுதான் திறந்தோம், எங்கள் குறிப்புகளைச் சரிபார்க்க. இரண்டு இடத்தில் நாங்கள் தப்பு. 30வது நகர்வு வாக்கில் தம்பிக்கு ஜி4 தள்ளி ஒரு சிப்பாய் ஜோடியைத் தீர்க்க வாய்ப்பு இருந்திருக்கிறது. மூன்று பேருமே பார்க்கவில்லை. அதையும் நோட்டில் வேறு மையில் எழுதினோம். எது நாங்கள் கண்டது, எது எஞ்சின் சொன்னது என்று பிரித்து வைத்தால்தான் அடுத்த வருஷம் புரட்டும்போது முன்னேற்றம் தெரியும்.

தம்பி இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். மாற்றினால் பலகையில் ராஜாவும் சிப்பாயும் மட்டுமே மிஞ்சும் என்றால், மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறான். போனில் ஆடுவதை விட்டுவிட்டான், அக்கா வீட்டு லேப்டாப்தான். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு சிப்பாய் இறுதியாட்டப் புதிர் போடுகிறான். லிச்செஸ்ஸில் புதிர்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள், சிப்பாய் இறுதியாட்டம் தனியாக உண்டு.

பலன் என்னவென்று கேட்டால், அடுத்த போட்டியில் அவன் டிரா. ஆனால் அந்த ஆட்டத்தில் அவனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், எதிராளியே யானையை மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டார். மாற்றியிருந்தால் சுலபமான வெற்றி. தம்பி ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு, விலகிப் போய்விட்டான். பெரியவரிடம் இன்னும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், மூன்றாவது பத்தியை இந்தத் தடவை அவனே எழுதியிருக்கிறானாம்.